எச்சரிக்கை: சாம்பல் பெயின்டுக்கு அடியில் இருந்த ரோல் கேஜ்

நேற்று மாலை ஸ்க்ரூட்டினியில், அதாவது பந்தயத்துக்கு முன் நடக்கும் கார் சோதனையில், என் காரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோபம் இன்னும் இறங்கவில்லை. வார்த்தை அங்கங்கே தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனது ஒரு சீசன் காசு. டயர், நுழைவுக் கட்டணம், பெட்ரோல் என்று ஒரு முழு சீசனுக்கு ஒதுக்கியதெல்லாம் ஒரே ரோல் கேஜுக்குள் போனது; கார் உருண்டாலும் உள்ளிருப்பவர் நசுங்காமல் காக்கும் இரும்புக்கூடு அது. இப்போது அந்தக் கேஜ் அறுத்தெறிய வேண்டிய இரும்பு. பட்டறையின் பெயரைப் போடவில்லை. 'உங்கள் காருக்கு அளவெடுத்துக் கேஜ் கட்டித்தருகிறோம்' என்று இணையத்தில் பளபளப்பான வெல்டிங் படங்கள் போடும் வகை. அது போதும்.

நான் ஏமாந்தது பட்டறை மேசையருகே. மேசைமேல் ஒரு டியூப் துண்டு கிடந்தது. பட்டறை ஓனர் அளவெடுக்கும் வெர்னியரை எடுத்து வைத்துக் காட்டினார். வெளிவிட்டம் 45 மி.மீ., சுவர் 2.5 மி.மீ. "பாத்துக்குங்க சார், சீம்லெஸ். எஃப்.ஐ.ஏ கேக்கறது இதத்தான்." அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. கார் பந்தயங்களுக்கான உலக அமைப்பு எஃப்.ஐ.ஏ. அதன் விதிப்புத்தகத்தில் அப்பெண்டிக்ஸ் ஜே, பிரிவு 253 கேட்பது குளிர்நிலையில் இழுத்த, தையல் இல்லாத, கலப்பில்லாத கார்பன் ஸ்டீல். இழுவலிமை குறைந்தது 350 நியூட்டன்/ச.மி.மீ. மெயின் ஹூப்புக்கு (இருக்கைக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவு) 45×2.5 அல்லது 50×2.0, மற்ற டியூப்களுக்கு 38×2.5 அல்லது 40×2.0. இத்தனையையும் தாளைப் பார்க்காமல் ஒப்பித்தார். விதியை மனப்பாடமாக வைத்திருப்பவர் விதிப்படிதான் கட்டுவார் என்று தோன்றியது. முக்கால் பங்கு அட்வான்ஸ் அந்த மேசைமேலேயே வைக்கப்பட்டது. அந்தத் துண்டு அசல்தான். காருக்குள் போனதுதான் வேறு சரக்கு.

வெளியே பார்த்தால் தெரியாது. 45 மி.மீ. வெளிவிட்டத்தில் 1.6 மி.மீ. சுவரும் கிடைக்கும், 2.5 மி.மீ. சுவரும் கிடைக்கும். பெயின்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான். ஸ்க்ரூட்டினியர் சுவர்த் தடிமன் காட்டும் அல்ட்ராசோனிக் மீட்டரை வைத்தார்: 1.7. அடித்திருந்த எபாக்ஸி பெயின்டையும் சேர்த்து. சுரண்டிவிட்டு வைத்தால் 1.6. முக்கால் மி.மீ. சொச்சம்தானே என்று நினைக்காதீர்கள். கணக்குப் போட்டால் வளைவுத் தாங்குதிறனில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அங்கேயே காலி. போதாததற்கு மெல்லிய சுவர் அடி விழுந்த இடத்தில் சட்டென்று மடங்கும். மடங்கிய டியூப் அதற்குப் பிறகு எதையும் தாங்காது.

இதைத் தராசிலேயே பிடித்திருக்கலாம். 45×2.5 டியூப் மீட்டருக்கு 2.62 கிலோ. 45×1.6 என்றால் 1.71 கிலோ. 38×2.5க்கு 2.19 கிலோ. அறுத்தபோது விழுந்த மிச்சத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, நீளத்தை அளந்து நிறுத்திருந்தால் போதும். ஆனால் துண்டு கேட்டபோது, "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்." அன்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தது தையல். பயன்படுத்தியது சீம்லெஸ்ஸே இல்லை, தகட்டைச் சுருட்டி விளிம்பை ஒட்டிய ஈ.ஆர்.டபிள்யூ. அறுத்த முனைக்குள் விரல் விட்டால் உட்புறம் நெடுக ஒரு வரப்பு தட்டுப்படும். சில சரக்கில் அந்த வரப்பை வழித்துவிடுவார்கள். அப்போது வெளியே நன்றாகத் தேய்த்து லேசாக அமிலம் தடவினால் கோடு எழும்பும். இந்தக் கேஜில் அந்தத் தையல், ஹூப்பின் மேல்வளைவில் சரியாக வெளிப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. வளைக்கும்போது அதிகம் இழுபடுகிற பக்கம் அதுதான்.

வளைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடுக்கோட்டு ஆரம் டியூப் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. 45க்கு 135 மி.மீ. வளைத்த இடத்தில் சிறிய விட்டத்தைப் பெரிய விட்டத்தால் வகுத்தால் 0.9க்குக் கீழே போகக் கூடாது. இங்கே 39.5க்கு 47.5, அதாவது 0.83. உள்பக்கம் துணி மடிப்புப் போலச் சுருக்கம். தண்ணீர்க் குழாய் வளைக்கும் ஹைட்ராலிக் ஜாக்கில் வைத்து அமுக்கினால் இப்படித்தான் வரும். விட்டத்துக்கேற்ற டை (அச்சு) போட்டு இழுத்து வளைக்கும் இயந்திரத்தில் வராது.

ஆனால் வயிறு எரிந்தது இதிலெல்லாம் இல்லை. கூரையை ஒட்டிய மூட்டுகளில்தான். டியூப்பைச் சுற்றி முழு வட்டமும் வெல்டிங் வேண்டும். கேஜைக் கூரையோடு ஒட்டி வைத்துவிட்டால் மேல்பக்கத்துக்கு வெல்டிங் டார்ச் நுழையாது. அதற்குத் தெரிந்த வழி உண்டு. கேஜின் கால்கள் நிற்கும் இடத்தில் காரின் தரையை வெட்டிக் கேஜை இறக்கி, மேல்மூட்டுகளை முடித்து, பிறகு தூக்கி நிறுத்தி, அடியில் பெட்டி கட்டி மூடுவார்கள். நேரம் தின்கிற வேலை. இவர்கள் செய்தது: கண்ணுக்குத் தெரியும் முக்கால் வட்டத்துக்கு அழகான டிக் (TIG) வெல்டிங், காசு அடுக்கினாற்போல. மிச்சக் கால் வட்டத்துக்கு டிங்கரிங் பட்டி. அதன் மேல் பெயின்ட். ஸ்க்ரூட்டினியர் சின்னக் கண்ணாடியை உள்ளே நீட்டி டார்ச் அடித்து, ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். பொலபொலவென்று பவுடராகக் கொட்டியது. ஒரு சீசன் காசுக்குப் பட்டி!

வடிவமைப்பிலும் கோளாறு. மெயின் ஹூப்பின் குறுக்குச் சாய்வு டியூப், பின் தாங்கி (ஹூப்பைப் பின்னாலிருந்து முட்டுக்கொடுக்கும் டியூப்) வந்து சேரும் மூட்டிலிருந்து 100 மி.மீ.க்குள் ஏறியிருக்க வேண்டும். இதில் 220 மி.மீ. கீழே நிற்கிறது. விசை மூட்டிலிருந்து மூட்டுக்குப் போனால் டியூப் நீளவாக்கில் தாங்கும். நடுவில் வந்து முட்டினால் இன்னொரு டியூப்பை வளைக்கத்தான் செய்யும். கால்களுக்கு அடியில் 120 சதுர செ.மீ., 3 மி.மீ. தடிமனில் வலுவூட்டும் தகடு இருக்க வேண்டும். வைத்திருப்பது 8×8 செ.மீ., அதாவது 64. மெல்லிய தரைத் தகட்டில் அதை வைத்தால், கார் உருளும்போது டியூப் வளையாமலே தரையைப் பொத்துக்கொண்டு இறங்கிவிடும். ஹெல்மெட் படும் இடங்களுக்கு எஃப்.ஐ.ஏ 8857-2001 பேடிங் என்று பில்லில் இருக்கிறது. சுற்றியிருப்பது ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோம்.

இனி அவர்கள் சொன்ன பதில்கள். முதல் போன்: "மீட்டர் தப்பு சார், பெயின்ட் இருந்தா கம்மியாத்தான் காட்டும்." பெயின்ட் இருந்தால் கூடித்தான் காட்டும். இரண்டாவது: "வெல்டர் லீவுல இருக்காரு, அவர் வந்தாத்தான் தெரியும்." மூன்றாவது: "மேல எல்லாம் யார் சார் கண்ணாடி வச்சிப் பாக்கறா? வேற ஸ்க்ரூட்டினியர்கிட்ட காட்டுங்க." நான்காவதை அப்படியே எழுதுகிறேன்: "உருளாம ஓட்டினா கேஜே தேவையில்லையே சார்." அதற்குப் பிறகு அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் நீல டிக் மட்டும். பாதிக் காசாவது தருவார்களா என்றால், 'கஸ்டம் வேலைக்கு ரீஃபண்ட் கிடையாது' என்று பில்லின் கடைசி வரியில், எறும்பு எழுத்தில்.

ஒரு சீசன் காசோடு போகவும் இல்லை. வெல்டிங் செய்த கேஜை அறுத்தெடுத்தால் தரை, பில்லர், டேஷ் எல்லாம் சேர்ந்து கிழியும். பாடியும் போனது போலத்தான்.

கேஜ் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, இப்போதைக்கு இவ்வளவு:

பெயின்ட் அடிக்காத வெற்று இரும்பாகப் பார்க்காமல் கடைசித் தவணை கொடுக்காதீர்கள். ப்ரைமர்கூட வேண்டாம்.

டியூப் ஆலை தரும் மில் சர்டிஃபிகேட்டில் உள்ள ஹீட் எண் (எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் எண்), டியூப்மேல் அச்சடித்திருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அறுக்கும் முன்பே.

'ஒன்றரை இஞ்ச்' என்று வாய்வார்த்தையாகப் பேசாதீர்கள். ஒன்றரை இஞ்ச் டியூப் வெளியே 38.1 மி.மீ., ஒன்றரை இஞ்ச் தண்ணீர்க் குழாய் வெளியே 48.3 மி.மீ. மி.மீ.யில் எழுதி வாங்குங்கள், சுவர்த் தடிமனோடு.

குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீலைக் காட்டி 'குரோமோலி போட்டா லேசா இருக்கும்' என்றால் சுவர்த் தடிமனைக் கேளுங்கள். அதே தடிமனில் எடை ஒன்றுதான். விதிப்புத்தகத்தைப் பார்த்து நீங்களே கட்டும் கேஜுக்கு அந்த உலோகம் செல்லவும் செல்லாது.

கேஜைப் போல்ட் போட்டு மாட்டினால், போல்ட் குறைந்தது எம்8 (8 மி.மீ.), 8.8 கிரேடு. தலையில் எண் இல்லாத போல்ட்டைக் கழற்றி வீசுங்கள்.

சின்னக் கண்ணாடி, டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர். மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள், கூரையடி மூட்டு ஒவ்வொன்றையும் குத்திப் பாருங்கள். பட்டறைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.