பைக் இன்ஜின் ‘பேக்கேஜ்’ வாங்கப் போகிறீர்களா? முதலில் சம்ப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி நாமே கூட்டிக் கட்டும் கார், கட்டும் எண்ணத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சம்ப் என்பது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி. ‘எல்லாம் ரெடி, மாட்டி ஓட்ட வேண்டியதுதான்’ என்று சொல்லி ஒரு பட்டறை பைக் இன்ஜின் பேக்கேஜ் விற்றுக்கொண்டிருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்களுடைய விற்பனைப் பேச்சை எங்கே கேட்டாலும் அடையாளம் தெரிந்துவிடும், அதனால் பேச்சிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் கட்டுவது லோட்டஸ் செவன் பாணியில் இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த வடிவம். 1973 முதல் கேட்டர்ஹாம் நிறுவனம் அதைத் தொடர்கிறது, அதைப் பார்த்து இன்னும் பல சிறு நிறுவனங்கள் சேஸியும் பாடியும் கிட்டாக விற்கின்றன. என் சேஸி தயாராக இருந்தது, இன்ஜின்தான் பாக்கி. பெரும்பாலும் சாலையில் ஓட்டுவேன், எப்போதாவது டிராக்குக்கு எடுத்துப்போவேன் என்று பட்டறைக்காரரிடம் முதலிலேயே சொன்னேன். எழுத்திலும் கொடுத்தேன்.

“கார் இன்ஜினா? சார், அது வெறும் இரும்பு. அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கா லேசான கார் கட்டுகிறீர்கள்?” என்றார். அப்புறம் கணக்கு வந்தது. சுசுகி ஹயபூசாவின் 1,299 சிசி இன்ஜின், 175 குதிரைத்திறனை ஒட்டிய பவர், கியர்களை வரிசையாக ஒவ்வொன்றாக மாற்றும், ஆறு கியர் கொண்ட சீக்வென்ஷியல் கியர்பாக்ஸ் உள்ளேயே அடக்கம், மொத்த எடை சுமார் 80–90 கிலோ. கார் இன்ஜினுக்குக் கியர்பாக்ஸ் தனி. இரண்டையும் சேர்த்தால் 130 கிலோவை எளிதில் தாண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கூப்பர் 500 ரேஸ் கார்கள் பைக் இன்ஜினை வைத்துத்தானே ஜெயித்தன என்றும் சொன்னார். இதில் எதுவும் பொய்யில்லை. அதனால்தான் கேட்க நன்றாக இருந்தது.

கொட்டேஷனில் எழுதித் தந்தது இது: உள்ளே தடுப்புத் தகடு வைத்த பாஃபிள் சம்ப், ரிவர்ஸ் ஏற்பாடு, பலப்படுத்திய கிளட்ச், காருக்கு ஏற்ற டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி), முழு வயரிங், என் காரிலேயே எடுத்த டைனோ (காரை ரோலரில் ஏற்றிப் பவரை அளக்கும் சோதனை) ரிப்போர்ட். பொருத்துவதும் அவர்கள் பொறுப்பு. முழுப் பணமும் வாங்கிக்கொண்டார்கள்.

கார் வந்தபோது பானட்டில் ஒரு பெரிய ஓட்டை வெட்டியிருந்தது. இன்ஜின் கொஞ்சம் உயரமாக வந்துவிட்டது, எல்லாருக்கும் அப்படித்தான் வரும் என்றார்கள். இந்த ஓட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு உண்மையான காரணம் பிறகு தெரிந்தது.

ரிவர்ஸ் இல்லை. பைக் கியர்பாக்ஸில் ரிவர்ஸ் கிடையாது. அதற்கு, பின்பக்கத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் வழியில் தனி ரிவர்ஸ் பாக்ஸ் வைக்கணும், அல்லது ஸ்டார்ட்டர் மோட்டார் போல ஒன்றைப் பல்சக்கரத்தோடு பொருத்தணும். என் காரில் இரண்டும் இல்லை. கேட்டால், “ஐந்நூறு கிலோ கார்தானே சார், இறங்கித் தள்ளிக்கலாம்.” கொட்டேஷனில் காசு வாங்கிய ஐட்டத்துக்கு இதுதான் பதில்.

அடுத்து, ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் பைக்குகள் பலவற்றில் வண்டி கவிழ்ந்தால் இன்ஜினை நிறுத்த ஒரு சென்சார் இருக்கும். அதை வயரிங் கட்டோடு சேர்த்து, டேப் சுற்றி, படுக்கை வாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். பைக் கீழே விழுந்து கிடப்பதாக இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு. முடிவு செய்துவிட்டது. நானே நிமிர்த்திக் கட்டினேன், ஸ்டார்ட் ஆனது. இதைக்கூட விட்டுவிடலாம், சின்ன விஷயம்.

சாலையில் எடுத்ததும் கிளட்ச் நழுவியது. மேல் கியர்களில் அழுத்தினால் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. பில்லை எடுத்துப் பார்த்தால் ஊற்றியிருப்பது எரிபொருள் மிச்சம் பிடிக்கும் வகைக் கார் ஆயில். கார் இன்ஜினில் ஆயில் கிளட்ச்சைத் தொடாது. பைக்கில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள ஆயிலை ஊற்றினால் கிளட்ச் தகடுகள் வழுக்கத்தான் செய்யும். அதற்காகத்தான் ஜாசோ எம்.ஏ. தரம் என்று பைக் ஆயில் டப்பாவிலேயே போட்டிருக்கிறது. பைக் இன்ஜின் விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. கிளட்ச்சைக் கழற்றியபோது ஸ்பிரிங்கும் கம்பெனி ஸ்பிரிங்தான். ஓட்டுநரோடு முந்நூறு கிலோவைத் தொடும் பைக்குக்காகச் செய்த கிளட்ச் அது. இரண்டு பேர் ஏறினால் அறுநூறைத் தாண்டும் காரை ஒவ்வொரு சிக்னலிலும் நகர்த்த வேண்டியிருந்தது.

டிஃபரன்ஷியல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும், ஏனென்றால் ஏமாற்றைப் பிடித்துக் கொடுத்ததே அதுதான். ஹயபூசா பைக்கில் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு (செயின் மாட்டும் பல்சக்கரம்) 17 பல், பின்னால் 40. அதாவது சுமார் 2.35-க்கு 1: முன்னால் 2.35 சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று. காரில் செயின் போய்விடுகிறது, அந்த வேலையை டிஃபரன்ஷியல் செய்கிறது. எனக்குப் போட்டுத் தந்தது 3.92, கையில் கிடந்த பழைய ஒன்று. என் சக்கரம் ஒரு சுற்றுக்கு 1.75 மீட்டர் போகும். ஆறாவது கியரில் 100 கி.மீ. வேகத்துக்கு இன்ஜின் 6,200 ஆர்பிஎம்மில் சுற்றியது. நெடுஞ்சாலையில் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. 3.14 போட்டிருந்தால் அதே வேகத்துக்கு 5,000 போதும். அதுவும் அமைதி என்று சொல்ல மாட்டேன், ஆனால் தாங்கலாம்.

இப்போது அந்த டைனோ ரிப்போர்ட். ‘உங்கள் காரை ரோலரில் ஏற்றி எடுத்தது’ என்று கொடுத்த தாளில் கீழ்க்கோட்டில் வேகம் 250 கி.மீ.யைத் தாண்டிப் போயிருந்தது. 3.92 டிஃபரன்ஷியலோடு, இன்ஜினை 10,800 வரை முறுக்கினாலும், என் கார் 175-க்கு மேல் போக வழியே இல்லை. அது ஏதோ ஒரு பைக்கின் தாள். இன்ஜின் நம்பர் எழுத வேண்டிய கட்டமும் காலி.

இதெல்லாம் தொல்லைதான், சரி செய்யக்கூடியவை. இன்ஜினைக் கொன்றது சம்ப்.

பைக் வளைவில் சாயும். சாய்ந்த பைக்குக்குள் இருக்கும் ஆயிலின் கண்ணுக்கு கீழ் என்பது எப்போதும் சம்பின் அடிப்பகுதிதான். ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாய் ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கும். கார் சாயாது. அதனால் நீண்ட வளைவில் ஆயில் முழுவதும் ஒரு பக்கச் சுவரில் போய் ஏறிக்கொள்ளும், பிக்கப் காற்றை உறிஞ்சும். போதாக்குறைக்கு, செவன் வகைக் கார்களில் பைக் இன்ஜினைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, ஸ்ப்ராக்கெட் பக்கம் பின்னோக்கி இருக்கும்படி வைக்கிறார்கள். பைக்கில் பிரேக் அடித்தால் எந்தத் திசையில் ஆயில் ஓடுமோ, அது இப்போது வளைவில் ஓடும் திசை. பிரேக் ஒரு நொடி இரண்டு நொடி. வளைவு அதைவிட நீளம். இந்தச் சம்ப்பை வடிவமைத்தவர்கள் நினைத்தே பார்க்காத பயன்பாடு இது. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் பாஃபிள் போட்ட, உயரம் குறைத்த சம்ப் போடுகிறார்கள். டிராக்கில் தீவிரமாக ஓட்டுபவர்கள், ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப்புக்கே போய்விடுகிறார்கள்.

டிராக்கில், ஒரு நீளமான வலது வளைவில், ஆயில் விளக்கு சிமிட்டியது. வேகத்தைக் குறைத்தேன், அணைந்தது. உடனே பிட்டுக்குக் கொண்டுவந்து பட்டறைக்குப் போன் போட்டால், “வயரிங்கில் லூஸ் கான்டாக்ட் சார், ஓட்டுங்க” என்றார்கள். திரும்பி வெளியே போன கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ‘டக் டக்’ என்று தட்டல். ஆர்பிஎம் ஏற ஏறத் தட்டலும் ஏறியது. அங்கேயே நிறுத்தி, டிரெய்லரில் ஏற்றிவிட்டேன்.

சம்பந்தமில்லாத வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டே பிரிக்கச் சொன்னேன். வடித்த ஆயிலில் டார்ச் அடித்தால் ஜரிகைத் தூள் போலச் செம்பு மினுமினுத்தது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கில் மேல் பூச்சு தேய்ந்து, அடியிலிருந்த செம்பு வெளியே வந்திருந்தது. கிராங்கிலும் கோடு விழுந்திருந்தது. அப்புறம் சம்ப்பைக் காட்டினார். முழு ஆழம் கொண்ட கம்பெனி சம்ப். உள்ளே கூடுதலாக ஒரு தகடும் இல்லை. போல்ட் தலைகளில் பழைய அழுக்கு அப்படியே படிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பானட் ஓட்டைக்கும் விடை அங்கே கிடைத்தது: ஆழமான சம்ப் தரையில் இடிக்காமல் இருக்க, மொத்த இன்ஜினையும் தூக்கி வைத்திருக்கிறார்கள். சம்ப் காசை மிச்சம் பிடிக்க என் பானட்டை வெட்டியிருக்கிறார்கள்!

படங்களை அனுப்பினேன். முதலில் பதிலே இல்லை. பிறகு, “ரொம்ப வேகமா வளைச்சிருக்கீங்க, டிராக்குக்கு வாரன்ட்டி கிடையாது.” டிராக்குக்கும் எடுத்துப்போவேன் என்று எழுதிக் கொடுத்த கடிதத்தை அனுப்பினேன். அதற்குப் பிறகு வந்த சமாதானம்: இன்னொரு இன்ஜின் பாதி விலைக்குத் தருகிறோம். எந்த சம்ப்போடு என்று கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. அவர்கள் பட்டறையின் பின்புறத்தில் விபத்துப் பைக்குகளிலிருந்து கழற்றிய இன்ஜின்கள் அடுக்கி வைத்திருப்பதை முன்பே பார்த்திருக்கிறேன். என் தேவையைக் காதில் வாங்காமலேயே பைக் இன்ஜினைப் புகழ்ந்ததற்குக் காரணம் அந்த அடுக்குதான் என்பது என் எண்ணம்.

பைக் இன்ஜினே கூடாது என்று சொல்ல வரவில்லை. டிராக்குக்கு மட்டும் என்றால், சரியான சம்ப், சரியான டிஃபரன்ஷியல், நல்ல கிளட்ச் போட்டால், அந்த எடைக்கு அதுபோல எதுவும் கிடைக்காது. கியர் மாற்றும் சுகமே தனி. ஆனால் சாலை என்று வந்தால் கணக்கு வேறு. ஹயபூசாவின் அதிகபட்ச டார்க் (சுழற்றும் விசை) சுமார் 138 நியூட்டன் மீட்டர், அதுவும் 7,000 ஆர்பிஎம்முக்குப் போனால்தான். ஃபோர்டின் 2 லிட்டர் கார் இன்ஜினான டியூரடெக், கம்பெனியிலிருந்து வரும்போது சுமார் 145 குதிரைத்திறன்தான், ஆனால் டார்க் 190-ஐ ஒட்டி, அதுவும் கீழேயே கிடைக்கிறது. ரிவர்ஸ் இருக்கிறது. நெரிசலில் ஊர்ந்து போனால் கிளட்ச் கருகாது. கார் இன்ஜின் என்றால் மந்தம் என்பதும் கதை: 2008-இல் வந்த கேட்டர்ஹாம் ஆர்500, இதே டியூரடெக்கை 263 குதிரைத்திறனுக்கு ஏற்றிக்கொண்டு வந்தது. எடைதான் கவலை என்றால் அதே கேட்டர்ஹாமின் செவன் 170 இருக்கிறது. சுசுகியின் 660 சிசி டர்போ கார் இன்ஜினோடு மொத்த எடையே 440 கிலோதான்.

இதையெல்லாம் தாண்டி பைக் இன்ஜின்தான் என்று முடிவெடுத்தால், முழுப் பணம் கொடுக்கும் முன் சம்ப்பைக் கழற்றி உள்ளே காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆறாவது கியரில் 100 கி.மீ.க்கு எத்தனை ஆர்பிஎம் என்று கேளுங்கள். விஷயம் தெரிந்தவர் அங்கேயே கணக்குப் போட்டுச் சொல்வார். டைனோ தாளில் இன்ஜின் நம்பர் இருக்கணும், நீங்கள் நேரில் நிற்கும்போது எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. ரிவர்ஸ் எந்த வகை என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். ‘ரிவர்ஸ் ஏற்பாடு’ என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். விபத்து வண்டியின் இன்ஜின் என்றால் ஸ்ப்ராக்கெட் மாட்டும் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி, கோணல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் விளக்கை மட்டும் நம்பாமல் பிரஷர் மீட்டரும் வையுங்கள். விளக்கு எரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

என் காரில் இப்போது டியூரடெக் ஏறிக்கொண்டிருக்கிறது, மாஸ்டா எம்எக்ஸ்-5 கியர்பாக்ஸோடு. பானட் புதிதாகச் செய்ய வேண்டும். பணம் திரும்பி வரவில்லை. மெக்கானிக்கின் எழுத்து மூல அறிக்கையோடு விஷயம் வக்கீலிடம் இருக்கிறது. பட்டறையின் விளம்பரத்தில் ‘பாஃபிள் சம்ப் உட்பட’ என்ற வரி இன்னும் அப்படியே இருக்கிறது. இதுபோன்ற பேக்கேஜுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், அறிக்கையையும் படங்களையும் அனுப்பி வைக்கிறேன்.