செயலிக்கு மூன்று நட்சத்திரம், மன்னிப்புக் கடிதத்துக்கு ஒன்று

கோப்புகளை ஆன்லைனில் சேமித்து வைக்கும் ஒரு செயலி, பெயர் வேண்டாம். வேகம் நன்றாக இருக்கிறது, போனிலும் கணினியிலும் சிக்கலில்லாமல் ஓடுகிறது, மூன்று நட்சத்திரம் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் சர்வர் படுத்துக்கொண்டபோது ஒரு மன்னிப்பு மின்னஞ்சல் அனுப்பினார்கள் பாருங்கள், நான் எழுத வந்ததே அதைப் பற்றித்தான்.

"சில பயனர்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று ஆரம்பம். நடுவில் பாதுகாப்பில் தங்களுக்கு எவ்வளவு அக்கறை என்று ஒரு பத்தி. என்ன கெட்டுப்போனது, என் கோப்புகள் முழுசாக இருக்கின்றனவா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை, கேட்கலாம் என்றால் பதில் போட முடியாத முகவரி. இலவசக் கணக்கு வைத்திருக்கும் என் தம்பிக்கும் இதே கடிதம்தான் போயிருக்கிறது. "பரவாயில்லையே, சாரி கேட்டிருக்காங்களே" என்றான். அவன் வைத்திருப்பது பழைய ஸ்கிரீன்ஷாட்டுகள், நான் வைத்திருந்தது மறுநாள் ஒப்படைக்க வேண்டிய வேலை. அவனுக்குப் பணிவாகப் பட்டது எனக்கு வக்கீல் எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

சரி, ஆளுக்கொரு கடிதம் எழுதினால் தீர்ந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. 2017 ஏப்ரலில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து ஒரு பயணியை இழுத்து வெளியேற்றிய விவகாரத்தில், வெளியே ஒரு மன்னிப்பு, ஊழியர்களுக்கு 'உங்கள் பக்கம் நிற்கிறேன்' என்ற தொனியில் தலைமை அதிகாரியின் தனிக் கடிதம். உள்கடிதம் கசிந்து எரிகிற தீயில் எண்ணெய் ஊற்ற, மறுநாளே அவர் புதிதாக மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. 2024 ஜூலையில் பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கிய கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கிரவுட்ஸ்டிரைக், கூடவே அல்லாடிய கூட்டாளி நிறுவனத்தாருக்கு 10 டாலர் உணவுக் கூப்பன் அனுப்பியது. வாங்கியவர்களில் சிலருக்கு அது செல்லவே இல்லை, ஊரே சிரித்தது.

எனக்குப் பிடித்தது, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளம் செய்தது. 2017 ஜனவரி 31 அன்று அவர்கள் பொறியாளரே தவறுதலாகத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப் முறைகள் கைகொடுக்கவில்லை என்பது உட்பட எல்லாவற்றையும் திறந்த குறிப்பில் எழுதி, மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். நிரலாளர்கள் பலர் திட்டுவதை விட்டு ஆறுதல் சொன்னார்கள். அதே குறிப்பை, சந்தாவுக்குக் கையெழுத்துப் போடும் மேனேஜர் படித்தால் வயிற்றைக் கலக்கும், அதுவும் உண்மைதான். ஆனாலும் அவருக்கும் எனக்கும் தெரிய வேண்டியது அதில் இருந்தது.

என் செயலிக்காரர்களும் காரணத்தை எழுதி, சந்தாவில் எதைக் கழிப்பார்கள் என்றும் சொன்னால் நட்சத்திரத்தைக் கூட்டுகிறேன். அதுவரை முக்கியமான கோப்புகளுக்கு வேறு இடத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.