துரு மாற்றும் திரவம்: பழைய அம்பாசடரில் எவ்வளவு தூரம் உதவுகிறது?
மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர் காரில், நீர் தேங்கும் கதவின் அடிவிளிம்புதான் பெரும்பாலும் முதலில் துருப்பிடிக்கும். வீட்டுப் பட்டறையில் அதைச் சீரமைக்க நான் வாங்கிய, டானிக் அமிலம் கலந்த திரவம், உதிரும் துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கிவிட்டுப் பூசினால், எஞ்சிய இரும்பு ஆக்சைடைக் கருநிற இரும்பு டானேட்டாக மாற்றி, பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) பிடிக்கத்தக்க பரப்பைத் தருகிறது. மேலோட்டமான துருவுக்கு இது நிச்சயம் வாங்கத்தக்கது. ஆனால் குப்பியின் மேல் ‘எவ்வகைத் துருவுக்கும்’ என்று அச்சிட்டிருப்பது மிகை. தகடு ஓட்டையாகிவிட்ட இடத்தில், கெட்ட பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைப்பதே வழி. ஓட்டையின் மேல் பட்டி (இறுகும் பசைப்பூச்சு) பூசி மறைப்பது (விற்பதற்காக அப்படிச் செய்பவர்கள் உண்டு) நெடுநாள் தாங்காது. துருவே இல்லாத வெற்று இரும்பின் மீதும் இத்திரவத்துக்கு வேலையில்லை. அங்கே எபாக்சி பிரைமரை நேரடியாக அடிக்கலாம். தூரிகை எட்டாத உட்குழிவுகளுக்குத் துருவைத் தடுக்கும் மெழுகுத் தெளிப்பானைத் தனியே வாங்க வேண்டியிருக்கும்.