கேட்டுச்சா இல்லையான்னு மட்டும் சொல்லாது: ப்ராட்காஸ்ட்சேனல் கூட நாலு வருஷம்

போன வாரம் கூடப் படிச்ச ஃப்ரெண்டு ஒருத்தன் போன் பண்ணான். ஒரு கிளினிக்குக்கு டோக்கன் சாஃப்ட்வேர் பண்றானாம், ரிசப்ஷன்ல அடுத்த நம்பரை அமுக்குனா வெளிய மாட்டிருக்கற டிவில நம்பர் மாறணும். "ரெண்டும் பிரவுசர் பேஜ் தானேடா, நீ உங்க மாமா கடைல சர்வர் இல்லாம ஏதோ பண்ணியே, அது நல்லாருக்கா?"ன்னான். அவன் கேட்டது ப்ராட்காஸ்ட்சேனல் பத்தி, ஒரே பிரவுசர்ல தொறந்திருக்கற ஒரே சைட்டோட பேஜுங்க தங்களுக்குள்ள நேரா மெசேஜ் அனுப்பிக்கற வசதி. ஒரு நிமிஷத்துல பதில் சொல்லிருக்கலாம். முக்கா மணி நேரம் புலம்பிட்டு போனை வெச்ச அப்புறம்தான் அவன் கேட்டதுக்குப் பதிலே சொல்லலைன்னு தோணுச்சு, அதான் இங்க எழுதறேன்.

மாமாவோட மளிகைக் கடைல 2021ல நான் போட்டுக் கொடுத்த பில்லிங். ஒரே கம்ப்யூட்டர், ரெண்டு மானிட்டர், ஒண்ணு பில் போடற தம்பி பாக்க, இன்னொண்ணு கஸ்டமர் பக்கம் திருப்பி வெச்சது. பில்லிங் ஒரு பேஜ், கஸ்டமர் டிஸ்ப்ளே இன்னொரு பேஜ். தம்பி துவரம்பருப்பு அடிச்சா அந்தப் பக்கம் துவரம்பருப்பு வரணும், அவ்ளோதான் வேலை. நெட் அடிக்கடி போற ஏரியாங்கறதால சர்வரையும் அந்த மெஷின்லயே ஓட விட்டிருக்கேன். அப்ப சர்வர் வழியா மெசேஜ் அனுப்பற வெப்சாக்கெட்டே போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க, போட்டிருக்கலாம்தான், சோம்பேறித்தனம், ஒரே பேர்ல ரெண்டு பக்கமும் சேனல் தொறந்து அனுப்ப ஒரு பக்கம் போஸ்ட்மெசேஜ் வாங்க இன்னொரு பக்கம் ஆன்மெசேஜ்னு மூணு வரில முடிஞ்சப்ப யாரு ரீகனெக்ட் கோடெல்லாம் எழுதுவா.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன், அப்புறம் திட்ட ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன். வேகம். என்டர் தட்டின விரலை எடுக்கறதுக்குள்ள அந்தப் பக்கம் ஐட்டம் வந்து நிக்கும். நெட் இருக்கா இல்லையான்னு அதுக்குக் கவலையே கிடையாது, மெசேஜ் மெஷினை விட்டு வெளிய போறதே இல்ல. இதுக்கு முன்னாடி இதே வேலைக்கு பிரவுசர் டேட்டா சேத்து வெக்கற லோக்கல்ஸ்டோரேஜ்ல எதையாவது எழுதி, அடுத்த டேப்ல ஸ்டோரேஜ் ஈவென்ட் வருதான்னு காத்துக் கெடக்கற பழைய வித்தைதான் பண்ணிட்டு இருந்தேன். அதுல ஸ்ட்ரிங் மட்டும்தான் போகும், அதே வேல்யூவைத் திரும்ப எழுதினா ஈவென்டே வராது. ஒரே சோப்பை ரெண்டு தடவை அடிச்சா ரெண்டாவது சோப்பு காணாமப் போயிடும், அதுக்காக ஒவ்வொரு மெசேஜ் வாலுலயும் நேரத்தை ஒட்டி அனுப்பணும். ப்ராட்காஸ்ட்சேனல்ல அந்தக் கூத்து எதுவும் இல்ல. ஆப்ஜெக்டை அப்படியே தூக்கிப் போடலாம், டேட் ஆப்ஜெக்ட் போட்டா அந்தப் பக்கம் டேட் ஆப்ஜெக்டாவே வரும், மேப்பும் அப்படித்தான். உள்ள ஒரு ஃபங்ஷன் மட்டும் தெரியாம ஒட்டிட்டு இருந்துச்சுன்னா இதைக் காப்பி பண்ண முடியாதுன்னு டேட்டாக்ளோன்எர்ரர் போட்டு உடனே கத்திடும். இது கத்தற ஒரே சமயம் கிட்டத்தட்ட அதுதான், அதைத்தான் சொல்ல வரேன்.

ஏன்னா மத்த எல்லாத்துக்கும் மௌனம்தான். நீ அனுப்பற, யாராவது கேட்டாங்களா, எத்தனை பேர் கேட்டாங்க, யாருமே இல்லையா, எதுவும் தெரியாது. ஊரே கேட்டாலும் அதே மௌனம், ஒரு ஈ காக்கா இல்லன்னாலும் அதே மௌனம். ஒரு நாள் காலைல மாமா போன், "மாப்ள, அந்தப் பக்கம் டிவி வெள்ளையா நிக்குது." நான் கோடைத் தேடறேன், கன்சோலைப் பாக்கறேன், ஒரு எர்ரர் இல்ல, ஒரு வார்னிங் இல்ல, மெசேஜ் ஜம்முன்னு போயிட்டிருக்கு. கடைசில பாத்தா, விண்டோஸ் ரீஇன்ஸ்டால் பண்ண வந்தவர் டிஸ்ப்ளேக்குப் புது ஷார்ட்கட் போட்டப்ப லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பதிலா 127.0.0.1னு போட்டு வெச்சிருக்கார். ரெண்டும் அதே மெஷின்தான், அதே சர்வர்தான், ஆனா பிரவுசருக்கு ரெண்டும் வேற வேற ஒரிஜின், அதாவது வேற வேற சைட்டு, அதனால சேனல் பேர் ஒண்ணா இருந்தாலும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டும் இல்ல உறவும் இல்ல. அரை நாள் போச்சு. அன்னிக்கு இது "யாருமே கேக்கல"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷ வேலை.

இன்னொரு எரிச்சல், லேட்டா வந்தவனுக்குப் பழைய மெசேஜ் எதுவும் கிடையாது. கரன்ட் போய் வந்து டிஸ்ப்ளே பேஜை மட்டும் திரும்பத் தொறந்தா, தம்பி அடுத்த ஐட்டம் அடிக்கற வரைக்கும் காலியா நிக்கும். சரின்னு நான் புத்திசாலித்தனமா ஒண்ணு பண்ணேன், பில்லிங் பேஜ் ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை முழு பில்லையும் அனுப்பட்டும், யார் எப்ப வந்தாலும் ரெண்டு செகண்ட்ல சரியாயிடும்னு. இந்தப் புத்திசாலித்தனம்தான் என்னை மூணு வாரம் பேயா அலைய விட்டுச்சு.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கூட்டம். ஒரு அக்கா, "தம்பி, நான் வாங்குனதே நாலு சாமான், அதுல எப்படி 1,840 காட்டுது?"ங்கறாங்க. தம்பி பக்கம் பாத்தா 312. போன் வருது எனக்கு, "அண்ணே, டிஸ்ப்ளே படபடன்னு மாறுது, ஒரு தடவை 312 ஒரு தடவை 1,840." நான் வீட்ல லேப்டாப்பைத் தொறந்து ரிமோட்ல கனெக்ட் ஆகறதுக்குள்ள ஏழெட்டு நிமிஷம். பாக்கறேன், ஒண்ணும் மாறல, அமைதியா நிக்குது. அர நிமிஷம் பாத்தேன், "சரியாத்தானேடா இருக்கு"ன்னு வெச்சுட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு மறுபடியும் போன், "அண்ணே, இப்ப நிமிஷத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போகுது." அவன் சொல்றதும் முதல்ல சொன்னதும் ஒத்துப் போகல, எனக்கு அவன் மேலயே சந்தேகம். நான் மறுபடி போய்ப் பாக்கும்போது கடை மூடற நேரம், எல்லாம் சரியா இருக்கு. இப்படியே மூணு சனிக்கிழமை.

நடந்தது என்னன்னா, யாராவது பாதி பில்ல "எண்ணெய் மறந்துட்டேன், இருங்க"ன்னு உள்ள போனா, தம்பி அந்த பில்லை அப்படியே விட்டுட்டு டேப்பை ரைட் கிளிக் பண்ணி டூப்ளிகேட் அடிச்சு அடுத்தவங்களுக்கு பில் போடறான். நல்ல ஐடியாதான், நான் ஹோல்டு பட்டன் வெச்சிருக்கணும், தப்பு என்னோடது. ஆனா டூப்ளிகேட் அடிச்சா, ஒவ்வொரு டேப்புக்கும் பிரவுசர் தனியா வெச்சிருக்கற செஷன்ஸ்டோரேஜும் சேந்து காப்பி ஆகும். எந்த டேப் எதுன்னு அடையாளம் தெரிய நான் குடுத்த நம்பரை அதுலதான் வெச்சிருந்தேன். ஆக ரெண்டு டேப்புக்கும் ஒரே நம்பர், ரெண்டும் ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை "இதான் பில்"லுன்னு கத்துது, டிஸ்ப்ளே யார் சொல்றதைக் கேக்கும்? அப்ப ஏன் நான் பாக்கும்போது மட்டும் அமைதின்னா, மறைஞ்சு இருக்கற டேப்போட டைமரை குரோம் அஞ்சு நிமிஷத்துக்கு அப்புறம் நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் ஓட விட்டுச்சு, குரோம் 88ல வந்த வழக்கம் அது. முதல் அஞ்சு நிமிஷம் படபட, அப்புறம் நிமிஷத்துக்கு ஒருக்கா எட்டிப் பாக்கற பேய். எண்ணெய் எடுக்கப் போன ஆள் திரும்பி வந்து காசு குடுத்ததும் தம்பி அந்த டேப்பை மூடிடுவான், பேயும் போயிடும், நானும் தலையைப் பிச்சுக்கிட்டு நிப்பேன். தம்பி சொன்னது ரெண்டுமே உண்மை. அவன்கிட்ட சாரி கேட்டேன், "பரவால்லண்ணே"ன்னு சிரிச்சான், எனக்குத்தான் மனசு கேக்கல.

இப்ப ரெண்டு செகண்ட் கத்தலை எடுத்துட்டேன். டிஸ்ப்ளே தொறந்ததும் "வந்துட்டேன்"னு ஒரு மெசேஜ் போடும், கண்ணுக்குத் தெரியற டேப் எதுவோ அது மட்டும் பதில் சொல்லும். நம்பருக்கு வெப் லாக்ஸ், ஒரு பேரை ஒரு நேரத்துல ஒரே டேப் மட்டும் பிடிச்சு வெக்க விடற பிரவுசர் வசதி. அந்த நம்பர்ல லாக் கிடைக்கலைன்னா வேற டேப் வெச்சிருக்குன்னு அர்த்தம், புது நம்பர் எடுத்துக்கணும், டேப் மூடினா லாக்கும் தானா விட்டுடும். அப்புறம் ஒவ்வொரு மெசேஜுக்கும் டிஸ்ப்ளே "கேட்டுச்சு"ன்னு திருப்பிச் சொல்லணும், ஒரு செகண்ட்ல சொல்லலைன்னா பில்லிங் மூலைல சிவப்புப் புள்ளி. மூணு வரின்னு சந்தோஷமா ஆரம்பிச்சது இப்ப தனி ஃபைலு.

சஃபாரி பத்தியும் ஒரு வரி. ஃபயர்ஃபாக்ஸ்ல 2015லயே வந்துடுச்சு, குரோம்ல 2016ல, சஃபாரிக்கு 15.4, அதாவது 2022 மார்ச் வரைக்கும் கெடையாது. நான் ஆரம்பிச்சப்ப வீட்டு மேக்ல டெஸ்ட் பண்ணா அப்படி ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியல. இப்ப அந்தப் பிரச்சனை இல்ல.

சரி, ஃப்ரெண்டு கேட்டதுக்கு வரேன். டிவி ரிசப்ஷன் மெஷின்லயே ஹெச்டிஎம்ஐ கேபிள்ல மாட்டினதுன்னா வேலை செய்யும். டிவிக்குள்ளயே இருக்கற பிரவுசர்ல தொறக்கறதா இருந்தா மறந்துடு. மெஷின் தாண்டாது, ஒரே மெஷின்ல குரோம்ல இருந்து ஃபயர்ஃபாக்ஸுக்குக் கூடத் தாண்டாது, சாதா விண்டோல இருந்து இன்காக்னிட்டோவுக்கும் போகாது. ரெண்டு பேஜும் வேற வேற டொமைன்னா இது ஆகாது, ஒரு விண்டோ இன்னொரு விண்டோவுக்கு நேரா அனுப்பற விண்டோ போஸ்ட்மெசேஜ்தான். அதுக்கு ஒரு பேஜ் இன்னொண்ணைத் தொறந்திருக்கணும், இல்ல தனக்குள்ள ஐஃப்ரேம்னு ஒரு கட்டத்துல வெச்சிருக்கணும். அங்க யாருக்குன்னு கேக்கற இடத்துல யாருக்கு வேணா போகட்டும்னு நட்சத்திரக் குறி போட்டுட்டுப் போயிடாத, வாங்கற பக்கம் ஒரிஜினைச் செக் பண்ணு, நோயாளி பேரெல்லாம் போற இடம்.

மார்க் கேட்டா இன்னிக்கு இருக்கற கடுப்புல அஞ்சுக்கு ரெண்டு. நீ வெப்சாக்கெட்டே போடுடா, டிவியை நாளைக்கு எங்க மாத்துவாங்கன்னு யாருக்குத் தெரியும்.

மாமா தீபாவளிக்குள்ள ரெண்டாவது கவுண்டர் போடறார், புது மெஷின், அதுக்கும் ரெண்டு மானிட்டர். அந்த ஃபைலை அப்படியே காப்பி பண்ணி வெச்சாச்சு, ஷார்ட்கட்டை மட்டும் இந்தத் தடவை நானே போடறேன்.