46,500 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் தாள்

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 46,500 ரூபாய். சீட்டுக்காசில் மகனுக்கு வாங்கிக் கொடுத்த கேமிங் கணினியைத் திருத்தக் கொடுத்து நான் இழந்த பணம்.

விளையாடத் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் விசிறி இரைச்சல் போடும், பிறகு பட்டென்று அணைந்துவிடும். திரையில் ஓர் எச்சரிக்கை கூட வராது. எங்கள் வீடு வெள்ளவத்தையில், ரயில் பாதை ஓரம். வெக்கை, உப்புக்காற்று, தூசி. இரண்டு வருடமாக மூடியைத் திறந்து துடைக்கவில்லை. அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன்.

காலி வீதியில் மாடியில் உள்ள ஒரு கணினி திருத்தும் கடை. பெயர் சொல்லமாட்டேன், பணம் திரும்பி வரும் என்ற நப்பாசை இன்னும் இருக்கிறது. உள்ளே போனதும் முதலாளி, "அக்கா எந்த ஊர்?" என்றார். சாவகச்சேரி என்றேன். "அட, நாங்கள் கொடிகாமம்!" அவ்வளவுதான், தேநீர் வந்துவிட்டது. எவ்வளவு ஆகும், எத்தனை நாள் என்று கேட்க வேண்டிய வாய், தென்மராட்சிப் பலாப்பழத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

மறுநாள் கூப்பிட்டுத் திரையில் ஒரு வரியைக் காட்டினார். கேர்னல் பவர் 41. "பாருங்கள் அக்கா, பவர் என்று கணினியே சொல்கிறது." ஒழுங்காக மூடப்படாமல் அணைந்தது என்று மட்டும் விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு அது, காரணத்தைச் சொல்லாது என்பது இப்போதுதான் தெரியும். அன்று தலையாட்டினேன். கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை 28,500, கணினியின் மூளையான பிராசசரைக் குளிர்விக்கும் கூலர் 13,500, கூலி 4,500. புதுப் பொருட்களின் பெட்டிகளைக் கேட்டதற்கு, "குப்பையை ஏன் அக்கா சுமக்கிறீர்கள்?" என்றார். பழைய பவர் சப்ளையையும் அங்கேயே விட்டு வந்தேன். பற்றுச்சீட்டில் கையெழுத்தில் மூன்று வரி, பொருட்களின் தொடர் இலக்கம் கிடையாது.

முன்பு முக்கால் மணி நேரம் ஓடியது, இப்போது ஐந்து நிமிடம் கூட ஓடவில்லை!

முதல் அழைப்பில் "கொண்டு வாருங்கள் அக்கா". கொண்டுபோனால் திருத்துபவர் லீவு. அடுத்த முறை போயா விடுமுறை, கடை பூட்டு. பிறகு "உங்கள் வீட்டு மின்சாரம் சரியில்லை." பிறகு "விளையாடினால் சூடாகத்தானே செய்யும்?" கடைசியாக, "மேடம், இது உத்தரவாதத்தில் வராது." அக்கா எந்த அழைப்பில் மேடம் ஆனேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நேற்றிரவு தம்பியின் மகன் தெஹிவளையிலிருந்து வந்து கூலரைக் கழற்றினான். அதன் செப்பு அடிப்பாகத்தில், பொருத்துமுன் அகற்றவும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமலே ஒட்டியிருந்தது. தேர்மல் பேஸ்ட்டை அதற்கு மேல் பூசியிருக்கிறார்கள். பிராசசரின் சூடு செப்புக்கு ஏறுவதற்குத்தான் அந்தப் பசை. நடுவே பிளாஸ்டிக் கிடந்தால் சூடு எங்கே போகும்? எங்கள் பிராசசருக்கு 100 பாகைதான் எல்லை. அதைத் தொட்டால் முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் கருகாமல் தப்பக் கணினியையே அணைத்துவிடும்.

தாளை உரித்து, துடைத்து, 1,800 ரூபாய்ப் பசையைப் பூசினான். மூன்று மணி நேரம் விளையாடியும் 72 பாகை தாண்டவில்லை.

பிறகு அந்தப் "புது" பவர் சப்ளையின் வலைக்குள் டோர்ச் அடித்துக் காட்டினான். விசிறி இதழ்களில் கம்பளி போலக் கருந்தூசி. எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள்தான்! தொடக்கத்திலும் தூசியும் காய்ந்த பசையும்தான் காரணமாக இருந்திருக்கும் என்கிறான். பழையது கையில் இல்லாமல் எப்படி நிரூபிப்பது?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. கொடுக்குமுன் உள்ளே இருப்பவற்றைத் தொடர் இலக்கத்தோடு படம் எடுங்கள். கழற்றிய பொருளையும் புதியதன் பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டி வெப்ப அளவைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பவர் சப்ளையை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள், செருகியைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். நுகர்வோர் விவகார அதிகார சபையின் இலக்கம் 1977, நாளைக் காலை முதல் வேலை அதுதான்.

அந்தத் தாளைப் பற்றுச்சீட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். இப்போது கடைக்குக் கிளம்புகிறேன், ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.