கிராக்கோவில் ஒரு வாரம்: எதற்கு முன்பதிவு செய்யணும், எங்கே சாப்பிடணும்

கிராக்கோவுக்கு இரண்டு நாள் போதும் என்று பயண ஏஜென்சிகள் போட்டுத் தருகிற திட்டத்தை நம்பாதீர்கள். முதல் நாள் பழைய நகரம், மறுநாள் காலையில் நாஜி வதைமுகாமாக இருந்த ஆஷ்விட்ஸ், சாயங்காலம் உப்புச் சுரங்கம், ராத்திரியே கிளம்பிவிடலாம் என்று ஓட ஓட விரட்டுகிற அந்தத் திட்டத்தில் ஊரும் மனசில் நிற்காது, சாப்பாடும் நாக்கில் நிற்காது. போலந்தின் இந்தப் பழைய தலைநகரத்துக்கு முழுசாக ஒரு வாரம் கொடுக்கலாம். திட்டமும் ரொம்பச் சுலபம்தான். ஒரு நாளைக்கு டிக்கெட் எடுத்துப் பார்க்கிற இடம் ஒன்றே ஒன்று, அதுவும் காலையில். மதியம் வயிறார ஒரு சாப்பாடு. மிச்ச நேரமெல்லாம் நடை. நான் இப்படித்தான் சுற்றினேன், யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

முன்பதிவு இல்லாமல் கிளம்பவே கூடாத இடங்கள் மூன்று: ஆஷ்விட்ஸ், வியெலிச்கா உப்புச் சுரங்கம், நாஜிகளிடமிருந்து யூதத் தொழிலாளிகளைக் காப்பாற்றின முதலாளி ஷிண்ட்லரின் தொழிற்சாலை அருங்காட்சியகம். விமான டிக்கெட் கையில் வந்ததும் அடுத்த வேலையாக இந்த மூன்றுக்கும் தேதி பிடித்துவிடுங்கள். கோடைக் காலத்தில் நல்ல நேரங்களெல்லாம் முதலிலேயே போய்விடும். மற்றதையெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆஷ்விட்ஸ் இருப்பது கிராக்கோவில் இல்லை, மேற்கே 65 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஓஷ்வியென்சிம் என்கிற ஊரில். இடத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, ஆனால் நுழைவுச் சீட்டை நினைவிடத்தின் சொந்த இணையதளத்தில் பெயர் போட்டுப் பதிவு செய்யணும், போகும்போது அடையாள அட்டையும் வேண்டும். வழிகாட்டியோடு சுற்றத்தான் கட்டணம், அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட இடம் அது, விஷயம் தெரிந்த ஒருவர் கூட வந்து சொன்னால்தான் எந்தக் கட்டடத்தில் என்ன நடந்தது என்பது விளங்கும். பழைய நகரத்துத் தெருக்களில் பலகை வைத்துக்கொண்டு ஆள் பிடிக்கிற ஒரு கடையில் என்னோடு வந்தவர்கள் பேருந்தோடு சேர்த்துப் பணம் கட்டினார்கள். காலை ஒன்பது மணிக்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டு, முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் ‘நாளைக்கு அதிகாலை 5.40-க்கு வந்து நில்லுங்கள்’ என்று ஒரு குறுஞ்செய்தி. மாற்றவும் முடியாது, பணமும் திரும்பாது. நேராக நினைவிடத்திலேயே பதிவு செய்து, கிராக்கோவ் பேருந்து நிலையத்திலிருந்து சாதாரணப் பேருந்தில் போய் வருவது எவ்வளவோ நிம்மதி. ஆஷ்விட்ஸிலிருந்து அதன் இரண்டாவது முகாமான பிர்கெனாவுக்கு நினைவிடத்தின் இலவசப் பேருந்தே இருக்கிறது. அன்றைக்கு வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், உப்புச் சுரங்கத்தையும் இதையும் ஒரே நாளில் சேர்த்து விற்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அங்கிருந்து திரும்பினவர்களுக்கு அடுத்த டிக்கெட் வரிசையில் போய் நிற்க மனசு வராது.

வியெலிச்காவுக்கு ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வருகிற அதே ரயில் பாதைதான் வியெலிச்கா வரைக்கும் நீள்கிறது, ஆகவே வந்த அன்றைக்கே அந்த ரயில் உங்களுக்குப் பழகியிருக்கும். சுரங்கத்தில் முதலில் 380 படி இறங்கணும், சுற்றி முடிப்பதற்குள் மொத்தம் சுமார் 800 படி, மேலே ஏற மட்டும் லிப்ட். முழங்கால் வலி இருக்கிறவர்கள் இதை யோசித்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே குளிர்ச்சிதான், கையில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் இருக்கட்டும். 101 மீட்டர் ஆழத்தில் புனித கிங்கா தேவாலயம் இருக்கிறது. தரை, சுவர்ச் சிற்பங்கள், பலிபீடம், தலைக்கு மேலே தொங்குகிற சரவிளக்கின் மணிகள் வரைக்கும் எல்லாமே உப்பு. சுரங்கத் தொழிலாளிகள் பல வருஷம் உழைத்துச் செதுக்கினது. கூட்டத்தோடு தள்ளிக்கொண்டு போவார்கள், அது ஒரு குறைதான், வழிகாட்டியின் வேகத்துக்குத்தான் நடக்கணும். இருந்தாலும் அந்த ஒரு மண்டபத்துக்காகவே போகலாம். 1978-ல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மொத்தமே 12 இடங்கள், அதில் கிராக்கோவ் பழைய நகரமும் இந்தச் சுரங்கமும் தனித்தனியாக இரண்டு.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

கிராக்கோவில் எனக்கு ரொம்பப் பிடித்த சாப்பாட்டுக் கடைகள் பால் பார்கள்தான். போலந்து மொழியில் பார் ம்லெச்னி. பெயரைப் பார்த்து மதுக்கடை என்று நினைத்துவிட வேண்டாம், அது சாதாரண மக்களுக்கான மலிவு விலைச் சாப்பாட்டுக் கடை. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் நாடு முழுக்கப் பரவினது, பல கடைகளில் சில பதார்த்தங்களுக்கு அரசு இன்றைக்கும் மானியம் தருகிறது. பழைய நகரத்திலேயே, வாவெல் கோட்டைக்குப் போகிற குரோட்ஸ்கா தெருவில் ‘பொட் தெமிடோன்’ என்று ஒன்று இருக்கிறது. அங்கே உள்ளே போனதும் சுவரில் பெரிய விலைப்பட்டியல், நேராகக் கல்லாவுக்குப் போய் வேண்டியதைச் சொல்லிப் பணம் கட்டி, சீட்டை வாங்கி சமையலறை ஜன்னலில் கொடுக்கணும், அந்த ஜன்னலிலிருந்து கூப்பிடுவார்கள், நாமே தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காரணும், சாப்பிட்டு முடித்ததும் நாமே திருப்பி வைக்கணும். பரிமாறுகிறவர் கிடையாது, சிரித்து வரவேற்பதும் கிடையாது, சிடுசிடுப்பாக இருக்கிறாரே என்று மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், எல்லோரிடமும் அப்படித்தான். பக்கத்து மேசையில் ஓய்வூதியம் வாங்குகிற தாத்தா, எதிரே கல்லூரிப் பிள்ளைகள், வேலை உடுப்போடு யாராவது இரண்டு பேர் என்று ஊர்க்காரர்கள் நடுவே உட்கார்ந்து சாப்பிடலாம்.

என்ன வாங்கலாம்? முதலில் பியெரோகி. பார்க்கக் கொழுக்கட்டை மாதிரிதான், மைதா மாவுக்குள் பூரணம் வைத்து அரை வட்டமாக மடித்து வேகவைத்தது. ‘ருஸ்கியெ’ என்று போட்டிருந்தால் உள்ளே உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டி மாதிரியான வெள்ளைச் சீஸும், மேலே பொன்னிறமாக வதக்கின வெங்காயம். முட்டைக்கோஸும் காளானும் வைத்தது இன்னொரு வகை, இதில் புளிப்பு தூக்கலாக இருக்கும். கோடையில் போனால் நீலநிறப் பழம் வைத்து மேலே கிரீம் ஊற்றின இனிப்பு பியெரோகி கிடைக்கும், கிடைத்தால் விடாதீர்கள், தட்டு முழுக்கக் கருநீலச் சாறு ஓடும், பல்லும் நாக்கும் நீலமாகிவிடும். சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று, ருஸ்கியெ மேல் சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் பொரித்த துணுக்குகளைத் தூவித் தருவார்கள், கல்லாவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு அடை, அதாவது பிளாட்ஸ்கி, இறைச்சி இல்லாத தேர்வு, ஆனால் மாவில் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள், புளித்த கிரீமோடு சூடாகச் சாப்பிடணும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஷூரெக் சூப்பைக் கட்டாயம் பாருங்கள். கம்பு மாவைப் புளிக்கவைத்துச் செய்கிற சூப், வெள்ளைத் தொத்திறைச்சித் துண்டும் அவித்த முட்டையில் பாதியும் மிதக்கும், புளிப்பும் மிளகும் சேர்ந்து குளிருக்கு அவ்வளவு இதம். கூடவே பழங்களை வேகவைத்த தண்ணீர் ஒரு டம்ளர், அதற்குக் கொம்போட் என்று பெயர். ஒரு வேளைச் சாப்பாடு போலந்து நாணயமான ஸ்லோட்டியில் 30, 40-க்குள் முடிந்துவிடும். பல பால் பார்கள் சாயங்காலமே மூடிவிடுகின்றன, அதனால்தான் மதியச் சாப்பாட்டைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன்.

பழைய நகரத்தின் நடுவில் உள்ள ரினெக் சதுக்கத்தைச் சுற்றி நாற்காலி போட்டிருக்கிற உணவகங்களைப் பற்றி என் அபிப்பிராயம் நேர் எதிர். இதே பியெரோகி இரண்டு மடங்கு விலை, அளவும் குறைவு. ஒரு கடையில் நாங்கள் கேட்காமலேயே ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து வைத்துவிட்டு அதையும் பில்லில் சேர்த்தார்கள், கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. அங்கே ஒரு காபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சதுக்கம் மட்டும் எத்தனை தடவை போனாலும் அலுக்காது. 1257-ல் அளந்து போட்டது, பக்கத்துக்கு ஏறக்குறைய 200 மீட்டர், நடுவே சுகியென்னிட்செ என்கிற பழைய துணிச் சந்தைக் கட்டடம். மணிக்கு ஒரு தடவை புனித மரியாள் பேராலயத்தின் உயரமான கோபுரத்திலிருந்து ஒரு தீயணைப்பு வீரர் எக்காளம் ஊதுவார். நான்கு திசைக்கும் ஒவ்வொரு முறை, ஒவ்வொரு தடவையும் பாட்டு பாதியில் சட்டென்று நின்றுவிடும். தாத்தாரியர் படையெடுப்பில் காவல்காரன் கழுத்தில் அம்பு பாய்ந்ததாகக் கதை. ஊதி முடித்ததும் கீழே நிற்கிறவர்களுக்குக் கையசைப்பார், பதிலுக்கு நீங்களும் அசையுங்கள். அந்தப் பேராலயத்துக்குள் நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் போங்கள், வைட் ஷ்டோஸ் 1477-லிருந்து 1489 வரைக்கும் செதுக்கின மரப் பலிபீடத்தின் கதவுகளை அந்த நேரத்தில்தான் திறப்பார்கள். டிக்கெட்டை எதிரே உள்ள தனிக் கட்டடத்தில் வாங்கணும்.

காலை டிபனுக்குத் தெருவில் நிற்கிற நீல வண்டிகளே போதும். ஒப்வஷானெக் என்கிற முறுக்கின வளைய ரொட்டி, எள், கசகசா, கல் உப்பு என்று விதவிதமாக. இந்தப் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு 2010-ல் கிடைத்தது. சுட்டுச் சில மணி நேரத்துக்குள் சாப்பிட்டால்தான் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மெத்தும் இருக்கும், சாயங்காலம் வாங்கினால் கடிக்கத் தாடை வலிக்கும். ஸ்டாரி க்ளெபாஷ் காய்கறிச் சந்தை பழைய நகரத்துக்கு வடக்கே நடக்கிற தூரம்தான், அங்கே ஒஸ்ட்சிபெக் வாங்குங்கள். தாத்ரா மலைச் செம்மறி ஆட்டுப் பாலில் செய்து புகை போட்ட சீஸ், தணலில் வாட்டிக் குருதிநெல்லி ஜாமோடு தருவார்கள். அசல் ஒஸ்ட்சிபெக் ஆடுகள் மேய்கிற பருவத்தில்தான் வரும், நடுக் குளிர்காலத்தில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் மாட்டுப் பால் சீஸ்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கஸிமியெஷ். 1335-ல் மன்னர் கஸிமியெஷ் தனி நகரமாக நிறுவினது, பிறகு பல நூற்றாண்டு யூதர்கள் வாழ்ந்த பகுதி. பிளாட்ஸ் நோவி சதுக்கத்தின் நடுவில் ஒரு வட்டக் கட்டடம், சுற்றிலும் ஜன்னல் ஜன்னலாகக் கடைகள், ஒவ்வொன்றிலும் ஜபியெகன்கா. நீள ரொட்டியைப் பிளந்து காளானும் சீஸும் போட்டு அடுப்பில் வாட்டினது, அரை மீட்டர் நீளம் இருக்கும், ஒன்றே இரண்டு பேருக்குத் தாராளம். இறைச்சி, ஊறுகாய், ஏழெட்டுச் சாஸ் என்று அடுக்கினதெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. வெறும் காளான், சீஸ், மேலே நறுக்கின வெங்காயத்தாள், அதுதான் சரியான ருசி. எந்த ஜன்னலில் உள்ளூர் ஆட்கள் நிற்கிறார்களோ அங்கே நில்லுங்கள்.

அடுத்த நாள் காலையில் அங்கிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்து பொட்கூஷெ. 1941-ல் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ இங்கேதான். சதுக்கத்தில் காலி உலோக நாற்காலிகள் வரிசையாக நிற்கும், மூலையில் கழுகு மருந்துக் கடை அருங்காட்சியகம். லிபோவா தெருவில் உள்ள ஷிண்ட்லர் தொழிற்சாலையில் அந்த மனிதரைப் பற்றி இருப்பது கொஞ்சம்தான், 1939 முதல் 1945 வரை இந்த ஊர் ஆக்கிரமிப்பில் எப்படி வாழ்ந்தது என்பதுதான் முக்கியம். இடம் குறுகல், மத்தியானத்தில் நெரிசல் தாங்காது, முதல் நேரச் சீட்டையே எடுங்கள்.

வாவெலுக்கு ஒரு முழுக் காலை வேண்டும். கோட்டைக்கும் பேராலயத்துக்கும் தனித்தனி டிக்கெட், கோட்டைக்குள்ளேயே ஒவ்வொரு காட்சிக்கும் தனி. எல்லாவற்றையும் வாங்கிக் களைத்துப்போகாமல் அரசு அறைகளும் அங்கே சுவரில் தொங்குகிற சித்திர வேலைப்பாட்டுத் துணிகளும், பேராலயத்தில் 1520-ல் வார்த்த சிகிஸ்மண்ட் மணியும் போதும் என்பேன். குழந்தைகள் கூட இருந்தால் கீழே ஆற்றங்கரையில் நெருப்பு கக்குகிற டிராகன் சிலைக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். லியொனார்டோ டா வின்சியின் ‘எர்மைனுடன் பெண்’ ஓவியம் (எர்மைன் பார்க்கக் கீரி மாதிரி ஒரு விலங்கு) இருப்பது வாவெலில் இல்லை, பழைய நகரத்தில் சர்டோரிஸ்கி அருங்காட்சியகத்தில்.

மிச்சமிருக்கிற ஒரு நாளை நோவா ஹூத்தாவுக்குக் கொடுங்கள். 1949-ல் இரும்பு ஆலைக்காகக் கட்டத் தொடங்கின சோஷலிச நகரம், டிராமிலேயே போகலாம். அகலச் சாலைகள், மரங்கள், கடவுளுக்கு இடமில்லை என்று திட்டமிட்ட ஊரில் மக்கள் போராடிக் கட்டி 1977-ல் திறந்த ஆர்கா பானா தேவாலயம். சுற்றுலாக் கூட்டமே இல்லை.

டிராமில் ஏறினதும் டிக்கெட்டை இயந்திரத்தில் பதியணும், பையில் வைத்திருந்தால் மட்டும் போதாது, பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள், அபராதம் உண்டு. யூரோ செல்லாது, ஸ்லோட்டிதான், நகரத்தில் கார்டு எங்கும் ஓடும், சந்தைக்கும் தெரு வண்டிக்கும் கொஞ்சம் ரொக்கம் போதும். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும், உணவகங்கள் திறந்திருக்கும், தேவையானதைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். தங்க, பழைய நகரத்துக்கும் கஸிமியெஷுக்கும் நடுவில் ஸ்ட்ராடோம் பக்கம் அறை தேடுங்கள், இரண்டு பக்கமும் நடந்தே போகலாம். பழைய நகரத்துக்குள் அறை எடுத்தால் சனிக்கிழமை ராத்திரி கூச்சலில் தூக்கம் கெடும், உட்புற முற்றத்தைப் பார்த்த அறையாகக் கேட்டு வாங்குங்கள்.