வன்னி வீட்டுக்கு எது சரி: பூல் மேசையா, கரம் போர்டா?

கனடாவின் ஸ்காபரோவில் சொந்தக்காரர் வீட்டு பேஸ்மெண்டில் பூல் (கோலால் பந்தை அடித்து மேசைக் குழியில் போடும் ஆட்டம்) விளையாடிப் பழகியவர்கள் கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ வீடு கட்டும்போது, “ஒரு மேசை வாங்கிப் போடுவமா?” என்று கேட்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் எல்லாரும் விசாரிப்பது விலையை. வன்னியில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை அறையின் அளவும் தூசியும்.

8 அடி மேசையில் ஆடும் பரப்பு 88 அங்குல நீளம், 44 அங்குல அகலம். வழக்கமான கோல் 58 அங்குலம். எந்தப் பக்கம் நின்றாலும் கோலைப் பின்னுக்கு இழுக்க இடம் வேண்டும் என்பதால் 17 அடிக்கு 13½ அடி அறை தேவை, அதுவும் வேறு தளபாடம் எதுவும் இல்லாமல். 7 அடி மேசைக்குப் போனாலும் பெரிய மிச்சமில்லை; ஏறக்குறைய 16க்கு 13. 48 அங்குலக் கட்டைக் கோல் வைத்துச் சமாளித்தால் 14½க்கு 11½ வரை குறைக்கலாம். போருக்குப் பிறகு 5,50,000 ரூபா இந்திய வீட்டுத்திட்டத்தில் எழும்பிய வீடுகளின் ஹோலில் இது நடக்காத காரியம். மேசையைப் போட்டால் சாப்பாட்டுத் தட்டோடு குசினியிலிருந்து வரவே வழியிருக்காது.

சரி, விறாந்தையில் போடலாமா? தயவுசெய்து வேண்டாம். சோளகம் வீசும் மாதங்களில் கிரவல் ரோட்டில் ஒரு டிராக்டர் போனாலே போதும், அந்த மண் முழுக்கத் துணியில் வந்து படியும். பந்து உருள உருள அது நூலை அரைத்துக்கொண்டே இருக்கும். ஐப்பசி பிறந்தால் மழைச் சாரல். கதவு யன்னல் பூட்டி வைக்கக்கூடிய அறையும், ஆடாத நேரமெல்லாம் மேலே ஒரு விரிப்பும் இல்லாமல் பூல் மேசையைப் பற்றி யோசிக்கவே கூடாது.

கரம் போர்டில் ஆடும் பரப்பு 29 அங்குலச் சதுரம். சட்டத்தோடு சேர்த்தாலும் 3 அடியை ஒட்டித்தான் வரும். ஆடி முடிந்ததும் சுவரில் சாத்தலாம், வெக்கை கூடினால் மாமரத்துக்குக் கீழே கொண்டுபோகலாம். மாரியில் பலகை ஈரம் இழுத்துக் காய் நகராமல் நிற்பது உண்மைதான். மேலே ஒரு குண்டு பல்ப் தொங்கவிட்டால் சரியாகிவிடும். வெயிலில் மட்டும் காயப்போடாதீர்கள், பலகை வளைந்துவிடும்.

பூல்தான் வேண்டும் என்றால் அடுத்த கேள்வி, கல்லா பலகையா என்பது. நல்ல மேசையில் துணிக்குக் கீழே ஓர் அங்குலத் தடிப்பில் சிலேட் கல் இருக்கும், பெரும்பாலும் மூன்று துண்டாக. 8 அடி மேசையில் ஒவ்வொரு துண்டும் 65, 70 கிலோ வரும். மேல்மாடிக்கு ஏற்ற நாலு பேராவது வேண்டும். துண்டுகளைப் பொருத்தி, மட்டம் பார்த்து, இடைவெளியை மெழுகால் அடைத்த பிறகுதான் துணி இழுக்க வேண்டும். முருங்கன் பக்கம் மாதிரிக் களிமண் நிலத்தில் வீடென்றால் இன்னொரு கரைச்சல். அந்த மண் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும். அத்திவாரம் சரியில்லாவிட்டால் தரையும் அசையும், மட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் கல் வளையாது, ஊதாது. துணியையும், பந்து பட்டுத் திரும்பும் விளிம்பு ரப்பரையும் மாற்றிக்கொண்டே பல வருடம் ஆடலாம்.

மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை மேசை மலிவு, இரண்டு பேர் தூக்கலாம். ஆனால் ஒரு மாரியின் ஈரம் ஏறினாலே போதும், விளிம்பு ஊதிப் பந்து தன்பாட்டில் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கும். அதற்குத் திருத்தமே கிடையாது. இந்த மூன்றில் அடியோடு வேண்டாம் என்று நான் சொல்வது இதைத்தான். அந்தக் காசில் மிக நல்ல கரம் போர்டு ஒன்று வாங்கிவிடலாம்.

இவ்வளவு தொல்லை இருந்தும் பூலை ஏன் விட மனமில்லை என்றால், விளையாட்டின் குணம் அப்படி. கரமில் ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரைக்கரை எடுத்துக் கோட்டில் உங்களுக்கு வசதியான இடத்தில் வைக்கிறீர்கள். பூலில் வெள்ளைப் பந்து எங்கே நின்றதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. ஒரு பந்தைப் போடுவதை விட, போட்ட பிறகு வெள்ளை எங்கே நிற்கும் என்பதுதான் முழு ஆட்டமும். நடுவுக்குக் கீழே அடித்தால் மோதிய பிறகு பின்னுக்கு வரும், மேலே அடித்தால் முன்னுக்கு ஓடும், பக்கத்தில் அடித்தால் மேசை விளிம்பில் பட்டுத் திரும்பும் கோணமே மாறும். 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்ற நம் நாட்டு மொகமட் லஃபீரின் ஆட்டத்துக்கும் அடிப்படை இந்தப் பந்துக் கட்டுப்பாடுதான். கரமில் நல்ல கண் உள்ள பிள்ளைக்கு, பந்தின் ஓரத்தில் பட வைத்துப் பக்கவாட்டில் அனுப்பும் வெட்டுக் கோணம் சீக்கிரம் பிடிபடும். வெள்ளைப் பந்துக்கு இப்படிச் சுழல் கொடுப்பதை மட்டும் புதிதாகப் பழக வேண்டும்.

ஆனால் யார் ஆடப்போகிறார்கள் என்றும் பாருங்கள். கரமுக்கு அம்மம்மாவும் பேத்தியும் ஒரே பாயில் இருக்கலாம். 30 அங்குல உயர மேசையில் ஏழு வயதுப் பிள்ளைக்கு எட்டி ஆடுவது சிரமம். வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் வாங்கி, பெடியள் ரெண்டு மாதம் ஆடிவிட்டு, பிறகு நெல் மூட்டை அடுக்கும் இடமாக அது போனால் எனக்கு மனம் பொறுக்காது.

அதனால் என் தெரிவு இது. சாதாரண வீட்டுக்குக் கரம், யோசிக்கவே வேண்டாம். பெரிய பூட்டிய அறை இருப்பவர்கள் கல் மேசை வாங்கட்டும். இடமில்லை, காசும் ஆசையும் இருக்கிறது என்றால் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கோ விளையாட்டுக் கழகத்துக்கோ வாங்கிக் கொடுங்கள். ஒரு வீட்டில் நாலு பேர் ஆடுவதை அங்கே நாற்பது பேர் ஆடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கென்று தனி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டே கொடுங்கள்; கேட்காவிட்டால் கோல் பெடியளின் கையை விட்டு வராது.

பழைய மேசை வாங்கப் போனால் ஒரு பந்தையும் கொண்டுபோங்கள். மெதுவாக உருட்டி, நிற்கும் நேரத்தில் ஒரு பக்கம் விலகுகிறதா என்று பாருங்கள். பிறகு நீளவாக்கில் பலமாக அடியுங்கள். மூன்று தடவையாவது மேசையைக் கடக்காவிட்டால் ரப்பர் இறுகிவிட்டது. அதை மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.